அஞ்சு இதழ்

டிசம்பர் 3, செவ்வாய்

வெயில் நன்றாக அடித்ததால் உலர்செடித் தாள்களை மொட்டை மாடியில் பரப்பினேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சிய சொத்து இவைதான். தடித்த தாளில் ஒட்டிப் பெயரெழுதி வைத்த செடிகள். பூச்சி ஓர் ஆவாரையைத் தின்று தீர்த்திருக்கிறது. போகட்டும், ஆவாரை வேலிதோறும் கிடைக்கும்.

கையோடு கம்பளித் துணிகளையும் காயவைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தால் மஞ்சள் ஸ்வெட்டர் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் தாரணி மாடிக்கு வந்து, "அத்தை, உங்க மஞ்ச ஸ்வெட்டரக் குடுங்க, ஒரு வேலையிருக்குது" என்றாள். "இந்த வேக்காட்டுல எதுக்கு அம்மிணி?" என்று கேட்டேன். சிரித்தாள், கொடுத்துவிட்டேன். தீபாவளி முடிந்த வாரம் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

தாரணி என் தம்பி குழந்தைசாமியின் ஒரே மகள். அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை பார்த்த பையனோடு போயிருக்கிறாள். பையன் நம் சனம் இல்லை. அதற்கு மேல் இந்த வீட்டில் அதைப் பேசுவது கிடையாது. உறவினர் கேட்டால் பெங்களூரில் ஏதோ பயிற்சி என்று சொல்ல வேண்டும். அவளுடைய ஸ்கூட்டரைத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிற்றால் கட்டியும் வைத்துவிட்டார்கள்.

ஸ்வெட்டர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

தம்பி மாடிக்கு வந்தான். அவன் இங்கே ஏறி வந்து மாதக் கணக்காகிறது. முட்டிவலி எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒழுங்காக ஏறுகிறதா என்றெல்லாம் விசாரித்தான். அப்புறம் செல்போனை நீட்டினான்.

"இது என்ன செடின்னு பாருக்கா. தோட்டத்து ஊட்டு வாசல்ல வெக்கலாம்னு இருக்கறேன்."

படத்தில் இளஞ்சிவப்புப் பூப்பந்துகள். பெரிய பெரிய இலைகள். யாரோ ஓரங்களை வெட்டி, செடி மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள்.

"எங்கே எடுத்தது?"

"ஒரு ஃப்ரெண்டு அனுப்புனான். துரைராசு இத ஹைட்ரேஞ்சியாங்கறான். ஊட்டில ஊட்டுக்கு ஊடு இருக்குமாமா."

துரைராசு, தம்பி பெண்டாட்டி வளர்மதியின் தம்பி. என் தம்பியின் போர்வெல் வண்டிகளை மேய்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன் லத்தீன் பெயர் சொல்கிறான் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தை அனுப்பி வை, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வேலை கொடுத்தான் என்று சந்தோஷமாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. படத்தின் கீழ் மூலையில் ஏதோ மஞ்சள் நூல் தெரிகிறது. துணியாக இருக்கலாம்.

டிசம்பர் 6, வெள்ளி

காலை முழுக்க அந்தப் படத்தோடுதான் இருந்தேன். வளர்மதி அனுப்பிய இட்லி ஆறிப்போனது.

முதல் சந்தேகம், காலம். ஹைட்ரேஞ்சியா கோடையிலும் மழையிலும் பூப்பது. டிசம்பர் குளிரில் இப்படிப் பொங்கிப் பூக்காது. இரண்டாவது, அதன் பூக்கொத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இது நீளமான காம்பில் தலைகீழாகத் தொங்குகிறது. இலையும் உதைக்கிறது. ஹைட்ரேஞ்சியாவுக்கு எதிரெதிராக முட்டை வடிவ இலை. இதற்கு வெற்றிலை வடிவில், உள்ளங்கையைவிடப் பெரிய இலை, மாறி மாறி.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு பூவைப் பிடித்தேன். ஹைட்ரேஞ்சியாவுக்கு நாலு இதழ். (அவை இதழ்கூட இல்லை, புல்லிகள். என் மாணவிகளில் பாதிப் பேர் அதைக் கடைசிவரை நம்பவில்லை.) இதற்கு ஐந்து.

இது டோம்பியா. மடகாஸ்கர் பக்கத்துச் செடி, செம்பருத்திக்குத் தூரத்துச் சொந்தம். வெள்ளைக்காரர்கள் மலை எஸ்டேட்டுகளில் அழகுக்கு வைத்தது. மற்றச் செடிகள் ஒடுங்கிக் கிடக்கும் குளிரில்தான் இது பூக்கும். வாடினாலும் பூ உதிராது. பழுப்பாகி, அப்படியே கொத்தாக மாதக் கணக்கில் தொங்கும். ஆனால் உறைபனி மட்டும் ஆகாது, கருகிவிடும். ஆகவே ஊட்டி இல்லை. அதைவிடத் தாழ்வான, பனி உறையாத மலை. ஏற்காடு மாதிரி.

இன்னும் தம்பியிடம் சொல்லவில்லை. துரைராசு புதன்கிழமையே ஊட்டிக்குப் போயிருக்கிறானாம். வண்டி வேலையாக என்றான் தம்பி.

டிசம்பர் 8, ஞாயிறு

வளர்மதி துணி எடுக்கிற சாக்கில் மேலே வந்தாள். நான் அவளுக்குப் புருஷனின் அக்கா, நங்கை என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. அவள் சமையலில் நான் குறை சொல்வேன், அவள் என் செடித் தாள்களைக் குப்பை என்பாள். இன்றைக்குக் கொடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"நங்கை, அந்தப் படம் எந்த ஃப்ரெண்டும் அனுப்பல. புள்ள எனக்கு அனுப்புனா. புது நம்பர்ல இருந்து. நல்லா இருக்கறேம்மா, கவலப்படாதன்னு. நான் அழிக்கறதுக்குள்ள இவரு பாத்துப்போட்டாரு."

அந்த நம்பர் அன்றே அணைந்துவிட்டதாம். படத்தில் தாரணி செடிக்கு முன்னால் நிற்கிறாளாம். அவளைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

"இப்ப எதுக்கு இத எங்கிட்டச் சொல்ற?"

"செடி பேரத் தெரியலன்னு சொல்லிப்போடுங்க. எடம் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவளைத் தேற்றினேன். தம்பி கோபக்காரன், கெட்டவன் இல்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போனபோது டெம்போ எடுத்து வந்து, என்னையும் என் அட்டைப் பெட்டிகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன். இந்த மாடி அறையை எனக்கென்று கட்டினான். மகளைக் கண்டுபிடித்தால் நாலு திட்டுத் திட்டுவான், அழுவான், கூட்டி வருவான். அவ்வளவுதான்.

ஆனாலும் சொல்வதில்லை என்றுதான் இருக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

துரைராசு ஊட்டியிலிருந்து காரட்டும் வர்க்கியும் வாங்கி வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம், அரிசியும் பருப்பும் சாதம். அவன் பெருமூச்சு விட்டபடி, "ஊட்டி, கேத்தி, அருவங்காடு, ஒரு சந்து உடல மாமா. ஹைட்ரேஞ்சியா செடி இருக்குது, பூவே இல்ல" என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். "டீச்சரக்காவுக்கே பேரு புடிபடலயாமா. அத்தன வருசம் காலேஜுல என்னத்தச் சொல்லிக் குடுத்தாங்களோ."

தம்பியும் சிரித்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பரீட்சைத் தாளில் தப்பான பெயரைப் பார்த்தால் சிவப்பு மையால் அடித்தாக வேண்டும் எனக்கு. இல்லாவிட்டால் தூக்கம் வராது. "டிசம்பர்ல ஹைட்ரேஞ்சியா தேடிப் போனவன் நீ, உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தேன். வகுப்பே எடுத்துவிட்டேன். நாலு இதழ், அஞ்சு இதழ். நிமிர்ந்திருப்பது, தொங்குவது. உறைபனி. கை சாதத்தோடு காய்ந்துகொண்டிருக்க, டோம்பியா என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். "ஊட்டில இது தாங்காது. ஏற்காடு மாதிரி எடமாத்தான் இருக்கணும்."

துரைராசு குறும்பை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "அஞ்சு இதழுங்களாக்கா?" என்று திருப்பிக் கேட்டான். என் மாணவிகள்கூட இத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

"எங்கக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான் தம்பி. "அக்கா வட்டல்ல இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்து."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தது, எழுதிவைக்கிறேன். வளர்மதி நெய்யை ஊற்றினாள். அவள் சாப்பிடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

பூச்சி உருண்டை வாங்க வேண்டும். கடைக்குப் போகவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

தம்பி என்னையும் ஏற்காட்டுக்குக் கூப்பிடுகிறான்.

"நீ கூப்பிட்டா அவ வருவாக்கா. உம்மேல அவளுக்குப் பாசம். நாமளே முன்ன நின்னு கல்யாணத்தப் பண்ணி வெச்சுப்போடலாம், வேறென்ன செய்யறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஈரம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வளர்மதி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியும் போகத்தான் போறாங்க. நீங்களும் போங்க நங்கை. நீங்க பக்கத்துல இருந்தா கை ஓங்கமாட்டாரு."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எழுத முடியாது.

விடிந்ததும் கிளம்பினோம். துரைராசு ஓட்ட, தம்பி முன்னால், நான் பின்னால். காலடியில் ஒரு பெரிய ஸ்பேனர் வளைவுக்கு வளைவு உருண்டது. போர்வெல்காரர்கள் வண்டியில் இதெல்லாம் கிடப்பது சகஜம். எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் அடிவாரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போய் எஸ்டேட் பாதைகளில் சுற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் தம்பி, "இதா அக்கா?" என்பான். பாயின்செட்டியா, சாமந்தி, காகிதப்பூ. இல்லை, இல்லை என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

காப்பித் தோட்டத்தை ஒட்டி வாடகை வீடுகள் நாலைந்து இருந்த ஒரு சந்து. கடைசி வீட்டு மதிலுக்கு மேலே டோம்பியா நின்றது. சந்தேகமே இல்லை. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, கிளையெல்லாம் இளஞ்சிவப்பு. போன மாதத்துப் பூக்கள் பழுப்பாகித் தொங்கின.

மதிலோரத்தில் ஒரு பையன் நின்றான். ஒல்லி, லுங்கி, காதில் மப்ளர். கையில் என் மஞ்சள் ஸ்வெட்டர். துவைத்துப் பிழியாமல், தண்ணீரை மட்டும் அமுக்கி எடுத்துவிட்டு, மதில்மேல் ஒரு துண்டை விரித்து அதன்மேல் படுக்கவைத்தான். கைகளை இழுத்து நேராக்கினான். கம்பளியைக் கொடியில் தொங்கவிடக் கூடாது, படுக்கவைத்துத்தான் காயவைக்க வேண்டும் என்று நான் தாரணிக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதே இல்லை. அவனிடம் சொல்லியிருக்கிறாள், அவன் கேட்டிருக்கிறான்.

"இதா அக்கா?"

"இல்ல. இது ஹைட்ரேஞ்சியா. போலாம்."

வாழ்க்கையில் ஒரு செடிக்கு நான் தெரிந்தே தப்பான பெயர் சொன்னது இதுதான். குரல்கூட நடுங்கவில்லை. கார் நகர்ந்தது. திருப்பம் தாண்டியதும் துரைராசு ஓரங்கட்டினான். "ஒரு நிமிசம் மாமா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்தர்றேன்."

திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில் ஒரு பூக்கொத்து. ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான். கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான்.

"டீச்சரக்கா, எண்ணிப் பாத்தனுங்க. அஞ்சு இதழுங்க. தலகீழாத்தான் தொங்குது. நீங்க சொன்னாப்லயே."

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காட்டும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை ஏரிக்கரையில் ஒரு டீக்கடையில் இறக்கிவிட்டார்கள். "நானும் வர்றேன் தம்பி, நான் பேசறேன்" என்று கதவைப் பிடித்தேன். "உனக்கு முட்டிவலி அக்கா, உக்காரு" என்றான். வெள்ளை வேன் காரைத் தொடர்ந்து போயிற்று. அதில் இருந்தவர்கள் எங்கள் போர்வெல் வண்டி ஆட்கள். சுற்றுலாக்காரர்கள் என்று மேலே எழுதினேன், ஆனால் முதலிலேயே எனக்குத் தெரியும்.

டீக்கடையில் போலீஸ் நம்பர் கேட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் டீ குடித்தேன்.

வெயில் சாயும்போது கார் வந்தது. பின் சீட்டில் தாரணி. மடியில் ஸ்வெட்டர், ஈரம் காயாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டேன். இழுத்துக்கொண்டாள். வேன் எங்களோடு இறங்கவில்லை.

டிசம்பர் 18, புதன்

பையன் ஓடிவிட்டானாம். "நம்மளப் பாத்ததும் எகிறிக் குதிச்சு ஓடிட்டான்க்கா. அவ்வளவுதான் அவன் வீரம்" என்றான் தம்பி.

இருக்கலாம்.

டிசம்பர் 21, சனி

தாரணியை உள் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி தம்பியின் இடுப்பில். வளர்மதி தட்டைக் கொண்டுபோகும்போது திறப்பான், கூடவே நிற்பான். தட்டு பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை.

தை பிறந்ததும் கல்யாணமாம். காங்கேயம் பக்கத்தில் பையன் பார்த்தாகிவிட்டதாம். "ஒத்துக்கலீன்னா?" என்று துரைராசு கேட்டது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. தம்பி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வளர்மதி துணிக்கூடையோடு வந்தாள். "நங்கை, தோட்டத்து ஊட்டுல பூச்சிமருந்து வாங்கி வெச்சிருக்காரு. ரெண்டு டப்பா. நாம பருத்தி போட்டு நாலு வருசமாச்சு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காய்ந்த துணியையும் காயாததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள்.

டிசம்பர் 26, வியாழன்

கேட்டுக்கு வெளியே ஓர் அம்மா வந்து நின்றார். நைந்த பச்சைச் சேலை, கையில் துணிப்பை. மாடியிலிருந்து பார்த்தேன்.

"ஐயா, எம் பையன் சந்துரு போனெடுத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சுங்க. எங்கீங்க இருக்கறான்? அடிச்சிருந்தாலும் பரவால்லீங்க. ஆஸ்பத்திரி பேரு மட்டும் சொல்லுங்க."

"யாரும்மா நீ? ஊடு மாறி வந்துட்டியா?" என்றான் தம்பி.

"உங்க புள்ளயும் எங்க ஊட்டுல ஒரு நாள் சாப்டுச்சுங்க. நல்ல புள்ளைங்க."

தம்பி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள் அறையில் யாரோ கதவில் மோதுகிற சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை. அந்த அம்மா வெயிலில் வெகுநேரம் நின்றார். நான் இறங்கிப் போகவில்லை. இறங்கிப் போகவில்லை என்று எழுதுவதற்குத்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது.

அவன் பெயர் சந்துரு. இத்தனை நாளும் நான் பையன், பையன் என்றே எழுதி வந்திருக்கிறேன்.

டிசம்பர் 28, சனி

பேப்பரில் வந்துவிட்டது. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்குக் கீழே, விறகு பொறுக்கப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாத இளைஞர் உடல் என்று காலையில் போட்டிருந்தது. மாலையில் டிவியில் பெயர் சொன்னார்கள். முகம் தெரிகிற நிலையில் இல்லையாம். அம்மா வந்து கால் விரலைப் பார்த்ததும் சொல்லிவிட்டாராம்.

இதழை எண்ணி, இலையைத் திருப்பிப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டு நான் பெயர் வைக்கிறேன். அந்த அம்மாவுக்கு ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது.

டிசம்பர் 30, திங்கள்

அடிவாரச் சோதனைச் சாவடியின் கேமராவில் எங்கள் கார் பதிவாகியிருக்கிறது. போலீஸ் வரும் என்று தம்பிக்குத் தகவல். மேலே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தான்.

"உன்னத்தான் கேப்பாங்கக்கா. படிச்சவ, காலேஜு டீச்சரு, உம் பேச்ச நம்புவாங்க. செடி பாக்கப் போனோம்னு சொல்லு. பொய்யில்லையே?"

"என்ன செடி?"

"ஹைட்ரேஞ்சியா." என் முகத்தைப் பார்த்தான். "நீதான அன்னிக்குக் கார்ல அப்படிச் சொன்ன."

தாரணி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். பெங்களூரில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு மாதம் கழித்து வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றான். என்ன வேறு ஏதாவது என்று நான் கேட்கவில்லை. தோட்டத்து வீட்டில் இரண்டு டப்பா இருக்கிறது.

போகும்போது என் முட்டியை மெதுவாகத் தட்டிக் கொடுத்தான். "உன்ன நான் எப்பவாச்சும் கைவிட்டிருக்கறனாக்கா?" இல்லை. ஒருநாளும் இல்லை.

ஜனவரி 2, வியாழன்

இதை எழுதுவது வேறு இடத்தில். பெண்கள் காப்பகம். சுண்ணாம்பு வாசனை அடிக்கும் ஓர் அறை, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். மாலை ஆகிவிட்டது.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார். கூட ஒரு கான்ஸ்டபிள். கூடத்தில் தம்பி, துரைராசு, நான். வளர்மதி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். தம்பி முதலில் சொன்னான். அக்காவுக்குச் செடி என்றால் உயிர், ஆசைப்பட்டாள், கூட்டிப் போனோம். என் பழைய மாணவி ஒருத்தி இன்றைக்கு எங்கே எந்த உத்தியோகத்தில் இருக்கிறாள் என்பதுவரை சொன்னான். மகள் பெங்களூரில் படிக்கிறாள் என்றான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எழுதியதை வாசித்தார்.

"மேற்படி நாளில் எனது தம்பியுடன், குளிர்காலத்தில் பூக்கும் ஹைட்ரேஞ்சியா செடியைப் பார்ப்பதற்காக ஏற்காடு சென்றேன். பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டேன். சரிங்களாம்மா? சரின்னா இங்க கையெழுத்துப் போட்டுருங்க."

பேனாவை என்னிடம் கொடுத்தார். தம்பி எனக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தான். சின்ன வயதில் நான் கிணற்றில் இறங்கத் தயங்கினால் மேலே நின்று இப்படித்தான் தலையசைப்பான்.

"தப்பா இருக்குதுங்க" என்றேன்.

"எதும்மா?"

"ஹைட்ரேஞ்சியா குளிர்காலத்துல பூக்காது. நாங்க பாத்தது டோம்பியா. அஞ்சு இதழ். இந்தத் துரைராசு பறிச்சு எண்ணிக் காட்டினான்."

"அக்கா" என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் சலிப்போடு, "சரிம்மா, அந்தப் பேரையே போட்டுக்கறேன்" என்று தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேர மாத்துனாப் போதாதுங்க. ஹைட்ரேஞ்சியான்னு சொன்னது நான். அது இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். முப்பது வருசத்துக்கு மேல பாட்டனி நடத்துனவ ஒரு செடிக்கு முன்னால உக்காந்து எதுக்குப் பொய் சொன்னேன்னு கேளுங்க."

அவர் தாளைக் கீழே வைத்தார். கேட்டார்.

சொன்னேன். மதில்மேல் சந்துரு விரித்த ஸ்வெட்டரிலிருந்து தொடங்கிச் சொன்னேன். வெள்ளை வேன், காலடியில் உருண்ட ஸ்பேனர், தோட்டத்து வீட்டு டப்பா. பெங்களூரில் இருப்பதாகச் சொன்ன பெண் பன்னிரண்டு அடி தள்ளி உள் அறையில் இருக்கிறாள், சாவி இவன் இடுப்பில் என்றேன். துரைராசு வாசல் பக்கம் நகர்ந்தான், கான்ஸ்டபிள் மறித்துக்கொண்டார். தம்பி எழவில்லை. நான் வேறு யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாவியை அவன் இடுப்பிலிருந்து எடுத்தது வளர்மதி. அவன் தடுக்கவில்லை.

தாரணியையும் என்னையும் ஒரே வண்டியில் இங்கே கொண்டுவந்தார்கள். வளர்மதி வர மறுத்துவிட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்றாள்.

இங்கே வந்து வெகுநேரம் கழித்துத் தாரணி பேசினாள். வீட்டைவிட்டுப் போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"நாங்க ஏற்காட்டுல இருக்கறம்னு யாருக்குமே தெரியாது. அவங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. யாரு அத்தை சொன்னா?"

ஏற்காடு மாதிரி என்றுதான் சொன்னேன், வீட்டைக் காட்டவில்லை என்று சொல்லலாம். துரைராசு சீண்டிவிட்டான் என்று சொல்லலாம். இன்றைக்கு நான்தானே எல்லாவற்றையும் சொன்னேன் என்றும் சொல்லலாம்.

"நான்தான் அம்மிணி" என்றேன். "படத்துல இருந்த பூவ வெச்சுக் கண்டுபிடிச்சேன்."

தலையசைத்தாள். அழவில்லை. ஏற்காட்டிலிருந்து வந்த நாள்முதல் உடம்பைவிட்டு எடுக்கவே இல்லை என்று வளர்மதி சொன்ன ஸ்வெட்டரைக் கழற்றினாள். பித்தானெல்லாம் போட்டு, மடித்து, என் கட்டிலின்மேல் வைத்தாள். பிறகு வார்டனிடம் போய் வேறு அறை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, குளிர் வருகிறது. ஸ்வெட்டரை நான் இன்னும் தொடவில்லை.